சங்கு ஊதிய பிறகு

சங்கு ஊதியபோது பந்து என் கையில் இருந்தது.

ரக்பி லீக்கில் சங்கு ஊதியதும் ஆட்டம் முடிந்துவிடாது. பந்து வைத்திருப்பவளை எதிரணி பிடித்து நிறுத்த வேண்டும். அல்லது பந்து வெளியே போக வேண்டும். அல்லது எதிரணியின் கோட்டைத் தாண்டி அவள் பந்தைத் தரையில் வைக்க வேண்டும்.

அதுவரை ஆட்டத்துக்கு உயிர் உண்டு.

உங்களிடம் சொல்வதற்கென்ன, காலையிலிருந்தே எனக்குப் பயம்தான். எதிரணியான கிரேஸ்டோனின் டோனாவை நினைத்து இல்லை. டோனா பஸ் ஓட்டுகிறவள். ஆளும் கிட்டத்தட்ட பஸ் மாதிரிதான். முதல் மோதலிலேயே என்னைச் சேற்றில் அமுக்கி, "எந்திரி கண்ணு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றாள். அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை.

மைதானத்துக் கதவருகில் ஒருவர் சங்கிலியும் பூட்டுமாக நின்றிருந்தார். அவரைப் பார்த்துத்தான் பயம்.

ஹாலோபெக் கிளப் யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று பேர் தங்களுடையது என்கிறார்கள்; கதவருகில் நின்றவர் அதில் ஒருவர். அந்தச் சண்டையில் சம்பளம் நின்றுபோய், ஆண்கள் அணி ஈஸ்டருக்கே கலைந்துவிட்டது. மிஞ்சியது நாங்கள் மட்டும்தான், பெண்கள் அணி.

வழக்கு நாளைக் காலை. இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் முடியும்வரை மைதானத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது நீதிபதியின் உத்தரவு. இதுதான் கடைசி ஆட்டம். முடிந்த நிமிடமே பூட்டு. தெருவில் மண் தோண்டும் இயந்திரம் இப்போதே வந்து நிற்கிறது. விடிவதற்குள் புல்தரையைக் கிளறிப் போட்டுவிட்டால், நாளைக்கு நீதிபதி என்ன சொல்லி என்ன?

இதெல்லாம் ஓடும்போது யோசித்ததில்லை. ஓடும்போது ஓடத்தான் முடியும்.

இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம்; கோட்டைத் தாண்டி வைத்தால் நான்கு புள்ளி. எங்கள் கேப்டன் ஜாக்கி பந்தை என்னிடம் தள்ளிவிட்டதும் சங்கு ஊதியது. எனக்கு முன்னால் ஒரு இடைவெளி திறந்தது. ஒருத்தியைத் தாண்டினேன். இன்னொருத்தியின் விரல்கள் என் சட்டையில் பட்டு வழுக்கின.

எதிரே யாருமே இல்லை. வெள்ளைக் கோடு மட்டும்.

தகரக் கூரைக்குக் கீழே மொத்த ஊரும் எழுந்து நின்று கத்தியது. ஜாக்கியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "வெச்சுடு மெக்! ஜெயிச்சாச்சு, வெச்சுடு!"

பூட்டுக்காரர் சங்கிலியைத் தோளிலிருந்து இறக்கினார்.

கோட்டுக்கு ஒரு எட்டு முன்னால் நான் நின்றுவிட்டேன்.

பின்னால் தரை அதிர்ந்தது. டோனா. கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. மூச்சுதான் இரைந்தது.

"ஏண்டி, கிறுக்கா புடிச்சிருக்கு? அப்படியே வெக்க வேண்டியதுதானே?"

"வெச்சா ஆட்டம் முடிஞ்சிடும்க்கா."

டோனா கதவைப் பார்த்தாள். சங்கிலியைப் பார்த்தாள். போன வருடம் அவர்கள் ஊர் மைதானமும் இப்படித்தான் போனது. அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

என்னை நொறுக்க விரித்திருந்த கைகளை அவள் மெல்ல இடுப்பில் வைத்துக்கொண்டாள். திரும்பி, தன் ஆட்களைப் பார்த்து பஸ்ஸில் சத்தம் போடுவது மாதிரி கத்தினாள்:

"இந்தப் புள்ளை மேல எவளாச்சும் கைவெச்சீங்க, திரும்பி ஊருக்கு நடந்துதான் போகணும்!"

யாரும் வைக்கவில்லை.

பந்தை ஜாக்கியிடம் கொடுத்தேன். அவள் இன்னொருத்திக்கு. திரும்ப எனக்கு. கிரேஸ்டோன் பெண்கள் எங்களோடு கூடவே நடந்தார்கள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. தூறல் விழுந்தது. கூரைக்குக் கீழே முதலில் முணுமுணுப்பு, பிறகு சிரிப்பு, பிறகு பாட்டு. யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

நடுவர் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், வைத்தார். விதியில் தவறென்று ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை போலும்.

அப்போதுதான் பூட்டுக்காரர் மைதானத்துக்குள் இறங்கினார்.

தோல் செருப்பு சேற்றில் புதையப் புதைய, நேராக என்னை நோக்கி வந்தார். டோனா குறுக்கே வரப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். ஓடியிருக்கலாம். ஆனால் அவருக்கு முதுகைக் காட்டி ஓடக்கூடாது என்று இருந்தது.

இரண்டு கைகளாலும் என்னைச் சேர்த்து இறுக்கிப் பிடித்தார். என் கால் தரையைவிட்டு எழும்பியது. பந்து எங்கள் இருவர் நெஞ்சுக்கும் நடுவே அழுந்தியது. நான் விடவில்லை.

பாட்டு நின்றது.

"புடிச்சாச்சுல்ல?" என்று நடுவரைப் பார்த்துக் கத்தினார். "முடிஞ்சுது. ஊதுங்க!"

நடுவர் பக்கத்தில் வந்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க எந்த டீம்?"

"டீமா? நான் இவ அப்பா!"

நடுவர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்பா புடிச்சதெல்லாம் கணக்குல வராது சார். கொஞ்சம் ஓரமா நில்லுங்க. ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கு."

அப்பாவின் கைகள் தளர்ந்தன. நான் தரையில் இறங்கி, பந்தை டோனாவின் மூக்குக்கு நேரே ஒருமுறை ஆட்டிக் காட்டிவிட்டு, நடுக்கோட்டைப் பார்த்து நடந்தேன்.