சும்மாதான்

“எங்க போற கெலேரா?”

“சும்மாதான் அண்ணி. இருபது வருஷமா சுவாவுல இருக்கேன், பாதித் தெரு தெரியாது. கால் போன பக்கம் போயிட்டு வரேன்.”

உனைசி இதை நம்பவில்லை. எங்கே போகிறாய் என்று கேட்டால் சந்தை என்பார்கள், சர்ச் என்பார்கள். ‘சும்மா’ என்பவள் எதையோ மறைக்கிறாள் என்றுதான் இந்த ஊரில் அர்த்தம். போதாததற்கு நாத்தனாரின் தோளில் உப்பிய பை வேறு.

கணவன் இறந்து இரண்டு வருடமாக உனைசி வாசலைத் தாண்டியதில்லை. கெலேரா தினமும் வெளியே கூப்பிடுவாள், இவள் தலையை ஆட்டி மறுப்பாள். ஒரு வாரமாக அவள் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். அலுத்துப்போய்த் தனியாக வேறு வீடு பார்க்கிறாளோ?

கண்டுபிடித்தே தீருவது என்று உனைசி பின்னாலேயே கிளம்பிவிட்டாள்.

கெலேரா வைமானு சாலையில் இறங்கி, சந்து சந்தாக நுழைந்தாள். நல்லவேளையாக, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று செருப்பு வாரைச் சரிசெய்தாள். இல்லாவிட்டால் உனைசி அவளை எப்போதோ தவறவிட்டிருப்பாள்.

தையல்கடை ராம்நரேஷ் எட்டிப் பார்த்தார். “உனைசியா? எவ்வளவு நாளாச்சு! எங்க போறீங்க?”

“சும்மாதான்,” என்றாள் உனைசி. அவர் சிரித்த சிரிப்பிலேயே நம்பவில்லை என்று தெரிந்தது.

அடுத்து ஒரு படிக்கட்டு. அப்படி ஒன்று இருப்பதே உனைசிக்குத் தெரியாது. பாதிப் படியில், இரண்டு தகரக் கூரைகளுக்கு நடுவே துறைமுகம் முழுவதும் தெரிந்தது. கப்பல்களை எண்ண ஆரம்பித்தவள், வந்த காரியம் நினைவு வந்து தன்னையே திட்டிக்கொண்டாள். அவசரமாக இறங்கியதில் ரப்பர் செருப்பின் வார் அறுந்தது. திரும்பிப் போவதா? இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள்.

கடைசியில் கெலேரா கடலோரச் சுவரில் போய் உட்கார்ந்தாள். இதற்கு மேல் ஒளிந்து என்ன பயன்? உனைசி நேராக அவள் முன்னால் போய் நின்றாள். மூச்சு வாங்கியது.

“மறைக்காம சொல்லு. எங்க வீடு பார்த்திருக்க? என்னை விட்டுட்டுப் போகப்போறியா?”

“வீடா?” கெலேராவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. “உங்கள விட்டுட்டு நான் எங்க அண்ணி போவேன்?”

“அப்ப அந்தப் பையில என்ன?”

கெலேரா பையைத் திறந்தாள். மேலே இரண்டு ரொட்டிப் பொட்டலங்கள். அடியில், இரண்டு வருடமாகக் கட்டிலுக்கடியில் கிடந்த உனைசியின் வெளிச்செருப்பு, துடைத்துப் பளபளவென்று இருந்தது.

“வீட்டுச் செருப்போடயே பின்னால ஓடி வருவீங்கன்னு தெரியும். சாப்பிட்டுட்டு இதை மாட்டுங்க அண்ணி, இன்னும் பாதி ஊர் பாக்கி இருக்கு.”