பிரிச்சுத் தைக்கக் கூலி இல்லை

"இடது பக்கம் சுருங்கி, அரை இன்ச் மேலே ஏறி நிக்குது டாக்டர். இன்ச் டேப்பே வேணாம், என் கண்ணே சொல்லுது!"

டாக்டர் அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. பக்கத்துக் கவுண்டரில் பில் போட்டுக்கொண்டிருந்த கேஷியரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டின பெண்டாட்டியின் மார்பைப் பற்றி, கடையில் எடுத்த துணி மாதிரி இப்படியா ஒரு மனுஷன் கூவுவான்?

"ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சுங்க," என்றார் டாக்டர். "சில பேருக்கு, மார்பை எடுப்பாக்க உள்ளே வச்ச சிலிக்கானைச் சுத்தி இப்படி இறுகிடும். திரும்ப ஆபரேஷன் பண்ணித்தான் சரி செய்யணும். அதுக்குத் தனிச் செலவு ஆகும்."

"நான் தையல்காரன் சார். நான் தைச்சது சரியா உக்காரலைன்னா பிரிச்சுத் தைச்சுக் குடுப்பேன். அதுக்கும் கூலி கேட்டா, மறுபடி ஒருத்தர் என் கடைப் படி ஏறுவாங்களா?"

"அது துணிங்க. இது உடம்பு."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். துணிக்கே நாங்க அவ்வளவு பாக்கறோம்!"

டாக்டர் செலவுக் கணக்கை இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார். தன் கூலி வேண்டாம், ஆபரேஷன் தியேட்டருக்கும் மயக்க மருந்துக்கும் மட்டும் கட்டினால் போதும் என்று கடைசியில் இறங்கி வந்தார்.

தையல்காரர் நேராகக் கவுண்டருக்கு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, குனிந்த தலை நிமிராமல்.

"மேடம், இதை மூணு தவணையாக் கட்டலாமா?"

தாராளமாகக் கட்டலாம். ஆனால் கேஷியரம்மாவுக்கு மனசு வரவில்லை. இந்த ஆளின் ஆசைக்காக ஒரு அப்பாவிப் பெண் இரண்டாம் தரம் கத்திக்கு உடம்பைக் கொடுப்பதா?

"தவணையெல்லாம் கிடையாது. மொத்தமாத்தான் கட்டணும்," என்றாள் வெடுக்கென்று.

அவர் முகம் செத்துப்போயிற்று. "நீ உக்காரு. மச்சான்கிட்ட கேட்டுப் பாக்கறேன்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, போனும் கையுமாக வாசலுக்குப் போனார்.

கேஷியரம்மா சட்டென்று குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏம்மா, கூடப் பொறந்தவளா நினைச்சுச் சொல்றேன். அவர் ஆசைக்காக நீ இன்னொரு தடவை அறுத்துக்கணுமா? முடியாதுன்னு சொல்லேன்!"

அந்தப் பெண் பதறிவிட்டாள். "ஐயோ, அவர் ஆசையா? என் ஆசைங்க! 'நீ இருக்கறபடியே அழகுதான், எதுக்கு இதெல்லாம்'னு அவர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். நான்தான் கேக்கலை. இப்ப கல்லாட்டம் இறுகிப் போய் வலி உயிர் போகுது. 'அப்பவே சொன்னேனே'ன்னு ஒரு நாள்கூட அவர் குத்திக் காட்டினதில்லைங்க."

கேஷியரம்மா அசடு வழிந்தாள். "இல்லம்மா... பார்த்தா எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை. அதான்..."

"யாருக்கும் தெரியாதுங்க. கண்ணாடி முன்னால நிக்கறப்ப அழுகை வரும். அவர் தைச்சுக் குடுக்கற சட்டை போட்டா தெரியலை, அது போதும்னு மனசைத் தேத்திக்குவேன். போன வாரம் துவைக்கறப்ப ஒரு சட்டையில தையல் விட்டுப் போச்சு. உள்ளே பார்த்தா, இடது பக்கம் மட்டும் மெல்லிசா பஞ்சு. பீரோவைத் திறந்து ஒவ்வொரு சட்டையாத் தடவிப் பார்த்தேன். எல்லாத்துலயும் இருக்கு. ஒன்றரை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, வச்சு வச்சுத் தைச்சிருக்கார் மனுஷன். நான் கண்டுபிடிச்சது இன்னும் அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க."

கேஷியரம்மா தலையாட்டினாள். அதற்குள் தொங்கிப்போன முகத்தோடு தையல்காரர் திரும்பி வந்துவிட்டார். மச்சான் கைவிரித்துவிட்டான் போலிருக்கிறது.

"அண்ணா," என்றாள் கேஷியரம்மா, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல். "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். தவணை உண்டு. மூணு எதுக்கு, ஆறாப் போட்டுக்குங்க."