தாயார் செய்த புதுமை

பங்கு இல்லத்து மேசையின் தலைப்பக்கம் பெலிக்ஸ் சாமியார். விசாரணைக்காகக் கோயமுத்தூரிலிருந்து ஆயர் அனுப்பியவர். அவருக்கு வலப்புறம் பங்குச்சாமியார் கிளமென்ட். ஜன்னலோரம் பேனாவும் பசைப்புட்டியுமாக உபதேசியார் வியாகுலம். எதிர் நாற்காலியில் தெக்லா. சுவரோர பெஞ்சில் அவள் கணவன் சந்தியாகு.

எல்லாருக்கும் காபி வந்தது. சந்தியாகு டம்ளரை வாங்கியதும் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டான். காபி வாசம் அடித்தாலே இப்போதெல்லாம் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"அம்மணி, காபி ஆறுதுங்க" என்றார் பெலிக்ஸ்.

"இருக்கட்டுங்க சாமி. மொதல்ல சாட்சி சொல்லிப்போடறேன்."

கோயில் வளாகத்தில் அடக்கமாகியிருக்கும் கன்னியாஸ்திரி மத்தலேனாள் தாயாருக்குப் புனிதர் பட்டம் கேட்டுப் பங்கு மக்கள் மனுப் போட்டிருந்தார்கள். பட்டத்துக்கு அவரிடம் வேண்டி நடந்த ஒரு புதுமை, அதாவது ஓர் அற்புதம், நிரூபணமாக வேண்டும். காங்கேயம் வட்டாரத்தில் கைவசம் இருந்த ஒரே புதுமை தெக்லாவின் விரல்கள்தாம்.

உபதேசியார் அவள் வாக்குமூலத்தை வாசித்தார். முடக்குவாதத்தில் விரல்கள் மடங்கிப்போயின. போன வருடம் சாம்பல் புதனன்று தாயார் கல்லறையில் நேர்ந்துகொண்டு மாத்திரையை நிறுத்தினாள். ஈஸ்டருக்குள் ஜெபமாலை பிடிக்க விரல் நிமிர்ந்தது.

"நேர்ந்துக்கிட்டதுன்னா என்னங்க?" என்று கேட்டார் பெலிக்ஸ்.

"அது தாயாருக்கும் எனக்கும் உள்ளதுங்க சாமி."

அவர் சிரித்து விட்டுவிட்டார். தெக்லா விவிலியத்தின் மேல் கையை விரித்து வைத்தாள். "ஒரு மாத்திரைகூட எம்பட வாய்க்குள்ள போகலீங்க. இது சத்தியம்."

ஐந்து விரலும் நேராக இருந்தன. சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டான்.

"சரிங்க அம்மணி, நீங்க வெளிய இருங்க. அவர்கிட்டத் தனியாக் கேக்கோணும்."

கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் முற்றத்தில் கற்குகைபோலக் கட்டியிருந்த மாதா கெபிக்குப் போனாள். மேசையில் அவள் காபி ஆடை கட்டிக் கிடந்தது.

"உங்க சம்சாரம் சொன்னதுல ஏதாச்சும் திருத்தம் இருக்குதுங்களா?" என்றார் பெலிக்ஸ்.

"இவனென்னத்தத் திருத்தப் போறான்? ஊட்டுல வாயத் தொறந்தாத்தானே" என்றார் கிளமென்ட்.

சந்தியாகு விவிலியத்தில் கை வைத்தான். சுட்டதுபோல எடுத்துக்கொண்டான்.

"அவ சொன்னது உண்மையில்லீங்க சாமி. ஆனா, அது அவளுக்கே தெரியாதுங்க."

உபதேசியாரின் பேனா நின்றது.

"மாத்திரைய நிறுத்துனதும் பயந்துபோட்டனுங்க. நின்னா கை மொத்தமாப் போயிரும்னு திருப்பூர் டாக்டர் சொல்லியிருந்தாருங்க. அதனால, காத்தால எண்ணெய் ஆலைக்குக் கெளம்பறப்ப நானே காபி போடுவேன். மாத்திரையப் பொடிச்சுக் கலக்கி, கசப்புத் தெரியாம டிகாஷனத் தூக்கலா உட்டு, அவ கையில குடுத்துட்டுப் போவேன்."

"தினமுமா?"

"தப்பாம. சாயங்காலம் வந்து பாத்தா டம்ளர் கழுவிக் கவுத்தியிருக்கும். அவளுக்குக் கொணமாகக் கொணமாக எனக்குத் தூக்கம் போச்சுங்க. எங்களுக்கும் ஜெபிங்கன்னு ஊரே வாசல்ல நிக்குது. இன்னைக்கு பைபிள் மேல கை வெச்சுப்போட்டா. அவள பொய்ச்சத்தியம் பண்ண வெச்சவன் நானுங்க."

கிளமென்ட் நாற்காலியை அவன் பக்கம் இழுத்தார். "சந்தியாகு, நல்லா யோசிச்சுச் சொல்லு. இந்தப் பங்கே இதுக்காகக் காத்துக் கெடக்குது."

"உள்ளதச் சொல்ல என்னங்க சாமி யோசனை?" என்றார் பெலிக்ஸ். "பொய்ய வெச்சுப் பீடம் கட்டினா, தாயாரே எந்திரிச்சு வந்து இடிச்சுப்போடுவாங்க."

சந்தியாகுவின் தோளில் கை வைத்தார். "கஷ்டமான காரியந்தான். நல்லது செஞ்சீங்க."

அதற்கு மேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆயருக்குக் கடிதத்தைச் சொல்லச் சொல்ல உபதேசியார் எழுதினார்: குணமானது மருந்தினால், புதுமை என்று கொள்ள இடமில்லை.

"நான் தாராபுரம் போயிட்டுத்தான் ஊர் திரும்புவேன். இது இன்னைக்கே தபால்ல போயிரட்டும்."

உபதேசியார் உறைக்குப் பசை தடவத் தொடங்கும்போது சந்தியாகு கெபிக்கு வந்து சேர்ந்தான். தெக்லா ஜெபமாலையின் கடைசி மணிகளில் இருந்தாள். அவள் முடிக்கும்வரை நின்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னான்: மாத்திரை, காபி, உள்ளே ஒப்புக்கொண்டது, கடிதம்.

"என்னை மன்னிச்சுப்போடு தெக்லா. உன்ற விசுவாசத்த நாந்தான் பொய்யாக்கிப்போட்டேன்."

நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் கோபம் இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"தினமுமுங்களா?"

"தினமும்."

"நீங்க அத்தனை ஆசையாக் கொண்டாந்து குடுத்தீங்க. வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரலீங்க."

"எதை?"

பங்கு இல்லத்து வாசலில் உபதேசியார் உறையின் மேல் அரக்கு முத்திரையை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பையில் போட்டுக்கொண்டு மொபெட்டை உதைத்தார். வண்டி கெபியைச் சுற்றிக்கொண்டு வாயிலைத் தாண்டியது.

அது திரும்பிய மூலையையே பார்த்தபடி தெக்லா மெல்லச் சொன்னாள்.

"நேந்துக்கிட்ட அன்னைக்கே காபி குடிக்கறத உட்டுப்போட்டேனுங்க."