பிளந்த கட்டை

"முழுக்கட்டை அவனுக்கு. பிளந்த கட்டை எனக்கா?"

சாக்கைப் பிரிச்சுப் பார்த்ததும் பிரேபனுக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது.

தோரா வீட்டுல ஊதாப் பூ பூக்கிற லைலாக் மர வேலியை அன்னிக்குத்தான் வெட்டியிருந்தாங்க. கல்யாணமான வருஷம் அவ புருஷன் நட்ட வேலி. தங்கமான மனுஷன், போய்ச் சேர்ந்துட்டார். காப்பியில சக்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டாலும் குடிச்சிட்டு "பேஷ்"னுவார். ஒரு தடவை நிஜமாவே போட்டுட்டா. சரி, அது இப்ப எதுக்கு.

"அந்த மரத்துல ஒரு கிண்ணம் கடைஞ்சு குடுங்கப்பா. எழுபதாவது பிறந்தநாளுக்கு என் மேசை நடுவுல இருக்கணும்"னு தோரா கேட்டா.

கேட்டது ரெண்டு பேர்கிட்ட. இந்தப் பக்கத்து வீட்டு பிரேபன், அந்தப் பக்கத்து வீட்டு வெர்னர். ரெண்டு பேரும் தனிக்கட்டை. ரெண்டு பேருக்கும் தோரா மேல ஒரு இது.

லைலாக் இருக்கே, பொல்லாத மரம். காயக் காய வெடிக்கும். பஸ் ஓட்டி ரிட்டையரான பிரேபன் கடைஞ்சது அத்தனையும் வெடிச்சுது. வெர்னருக்கு மட்டும் ஒண்ணுகூட வெடிச்சதில்ல.

கட்டையை ரெண்டு சாக்குல பிரிச்சுக் கட்டினது வெர்னர். "வாசப்பக்கம் இருக்கிற சாக்கு உன்னுதுப்பா"ன்னுட்டு அவன் காப்பி குடிக்க உள்ள போனான். உள்ளேருந்து தோராவோட சிரிப்பு.

பிரேபன் ரெண்டு சாக்கையும் பிரிச்சான். தன்னுதுல ரெண்டா பிளந்த கட்டை, முனையில பெயின்ட். வெர்னரோடதுல உருண்டு திரண்ட முழுக்கட்டை.

"கழிச்சுப் போட்டதை என் தலையில கட்டுறான். பெயின்ட் வேற பூசி மறைச்சிருக்கான், திருட்டுப்பய!"

சாக்கை மாத்தி வச்சான். வீட்டுக்குப் போன கையோட முழுக்கட்டையைக் கடைசல் மெஷின்ல மாட்டிட்டான்.

அடுத்த வருஷம் தோரா பிறந்தநாள். அந்த ஊர் பிறந்தநாள் வழக்கப்படி வாசல்ல கொடி ஏத்தியாச்சு, அடுக்கு கேக் வெட்டியாச்சு. மேசை நடுவுல வெர்னரோட கிண்ணம், ஊதா ஊதாவா ரேகை ஓட, வழவழன்னு.

பிரேபனோடது பைக்குள்ளயே இருந்துது. நடுவுல விரல் நுழையற அளவுக்கு விரிசல்.

"என்னப்பா, மூஞ்சி உர்ருனு இருக்கு?"ன்னா தோரா.

"நல்ல கட்டையெல்லாம் அவனே எடுத்துக்கிட்டா எனக்கு எப்படி வரும்?"

தோரா வெர்னர் இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தினா.

"அப்படிச் சொல்லாத பிரேபன். அன்னிக்குக் காப்பி குடிக்கும்போது என்ன சொன்னார் தெரியுமா? 'முழுக்கட்டை கட்டாயம் வெடிக்கும். அதான் நடு மையத்தைப் பிளந்து எடுத்துட்டு, முனை அவசரமா காயாம பெயின்ட் பூசி, அவனுக்கு வச்சிருக்கேன். இந்தத் தடவை அவன் கிண்ணம்தான் உன் மேசையில இருக்கணும்'னார்."

பிரேபன் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான்.

"வீட்டுக்குப் போய்ப் பார்த்தா சாக்கு மாறியிருக்கு. திருப்பிக் குடுக்க ஓடி வந்தாராம், அதுக்குள்ள உன் மெஷின் சத்தம் கேட்டுச்சாம். இன்னிவரைக்கும் புலம்பறார்ப்பா, 'வயசாச்சு தோரா, சாக்கை மாத்திக் காட்டிட்டேன். பாவம், என்னை நம்பி எடுத்துட்டுப் போனான்'னு."