பத்து வரைக்கும் கேட்டது

“மழுப்பாம சொல்லணும் தம்பி. எங்க பையன் உலகப் பட்டம் ஜெயிப்பானா, மாட்டானா?”

தோற்றவரின் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஓகுமுரா கேட்ட கேள்வி இதுதான். ஒனிசாக்கி பெஞ்சில் உட்கார்ந்து, வீங்கிப்போன இடது கண்ணில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்துக்கு முன்புதான், மூன்றாவது ரவுண்டில், ஓகுமுராவின் ஜிம்மைச் சேர்ந்த ரிகுதோ அவரைக் கீழே சாய்த்திருந்தான்.

“முதல்ல உட்காருங்க தலைவரே. கையில என்ன பலகாரம், தகோயாகி உருண்டையா?”

“உனக்குத்தான். சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு.”

“உங்க பையன் வாயைக் கிழிச்சு விட்டுட்டுப் போறான். நீங்க கொதிக்கக் கொதிக்கத் தகோயாகி கொண்டு வர்றீங்க. நல்ல ஜிம்முங்க உங்களோடது!”

ஓகுமுரா சிரித்தார். ஆனால் சிரிக்க வந்தவர் இல்லை அவர். கோட்டுப் பையில் ஒரு கடிதம் இருந்தது. வசந்த காலத்தில் உலகப் பட்டத்துக்கான சண்டை, எதிரில் மெக்சிகோக்காரச் சாம்பியன், சம்மதமா இல்லையா என்று இன்று மாலை ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும். ஒசாகாவில் ரயில் பாலத்துக்குக் கீழே முப்பத்திரண்டு வருஷமாக ஜிம் நடத்துகிறார். இதுவரை ஒரு சாம்பியன்கூட அங்கிருந்து வந்ததில்லை. இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு அவர் ஆயுசுக்குள் வருமோ என்னவோ. ஆனால் ரிகுதோவுக்கு இருபத்திரண்டு வயது, பத்தே பத்து சண்டை. அந்த மெக்சிகோக்காரனிடம் கடைசியாக அடி வாங்கியவனுக்கு இன்னும் பேச்சு சரியாக வரவில்லை.

அதனால்தான் ஒனிசாக்கியிடம் வந்தார். நாற்பத்தொரு வயது, பிழைப்புக்குப் பார்சல் லாரி, மீதி நேரத்துக்குக் குத்துச்சண்டை. அவர் சாம்பியன் ஆனதில்லை. ஆனால் ஒசாகாவில் சாம்பியன் ஆக நினைக்கிற பையன் எவனும் அவரோடு மோதாமல் மேலே போனதில்லை. அவரைச் சாய்த்தவர்களில் மூன்று பேர் பின்னால் உலகப் பட்டம் வாங்கினார்கள். ஊரே அவரைத் ‘தராசு’ என்றுதான் கூப்பிடும். சண்டை முடிந்ததும் ஜெயித்தவனின் ஜிம்காரர் வந்து பையனின் எடையைக் கேட்டுப் போவது வழக்கமாகவே ஆகிவிட்டது.

“இடது கை எப்படி?” என்று ஆரம்பித்தார் ஓகுமுரா.

“பிரமாதம். கிளம்புறதே தெரியலை, வந்தப்புறம்தான் தெரியுது.”

“கால்?”

“ரெண்டு ரவுண்டு அவனைத் தேடிக்கிட்டேதான் இருந்தேன். கூட்டத்துல பொண்டாட்டியைத் தொலைச்சவன் மாதிரி.”

“தைரியம்?”

“அது தேவைக்கு மேலயே இருக்கு. கொஞ்சம் குறைச்சா நல்லது.”

ஓகுமுராவின் முகம் மலர்ந்துவிட்டது. கடிதத்தை எடுத்தார். “அப்போ சரின்னு சொல்லிடறேன்!”

“வேண்டாம் தலைவரே.”

“என்னய்யா இது! இவ்வளவு நேரம் புகழ்ந்து தள்ளினே?”

“இருக்கிறதைச் சொன்னேன். ஆனா குத்துல கனம் இன்னும் ஏறலை. ரெண்டு வருஷம் போகட்டும்.”

“கனம் இல்லையா? உன்னையே படுக்க வச்சானே!”

ஒனிசாக்கி ஐஸ் பையைக் கீழே வைத்தார்.

“அந்த மூணு பேரு என்னை அடிச்சப்போ எனக்கு எதுவுமே தெரியாது. கண்ணைத் திறந்தா ஒரு ரூம்ல கிடப்பேன், டாக்டர் உன் பேரு என்னன்னு கேட்டுக்கிட்டு இருப்பாரு. நடுவர் பத்து எண்ணி முடிச்சு என்னைத் தோத்துட்டேன்னு சொன்னாரா, இல்லையா, ஒண்ணும் தெரியாது.”

“இன்னைக்கு?”

“ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் கேட்டுது. நடுவருக்கு ஜலதோஷம். ஏழு சொல்றப்போ இருமினாரு.”

ஓகுமுரா கையிலிருந்த கடிதத்தைக் கீழே இறக்கினார்.

“எழுந்திருக்க முடிஞ்சுதா?”

“நினைச்சிருந்தா அஞ்சு எண்ணும்போதே எழுந்திருச்சிருப்பேன். உங்க பையன் மூலையில நின்ன லட்சணத்தைப் பார்த்தீங்களா? வாயால மூச்சு வாங்குறான், கை ரெண்டும் தொங்கிப்போச்சு. அவ்வளவுதான் அவன்கிட்ட இருந்தது. நாலாவது ரவுண்டு வந்திருந்தா அவன் கதை முடிஞ்சிருக்கும். அந்த மெக்சிகோக்காரன் கண்டிப்பா எழுந்து வருவான் தலைவரே. வந்தா உங்க பையன் முழுசா வீடு திரும்ப மாட்டான்.”

ஓகுமுரா கடிதத்தை இன்னொரு தடவை பிரித்துப் படித்தார். முப்பத்திரண்டு வருஷம். பிறகு நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார்.

“சரி, இப்போ முடியாதுன்னு சொல்லிடறேன். பட்டம் இல்லேன்னா போகுது, பையன் நல்லா இருக்கணும்.” எழுந்தவர் கதவு வரை போய்த் திரும்பி நின்றார். குரலில் கோபம் ஏறியிருந்தது. “யோவ், இருபது வருஷத்துல நீ எவனுக்கும் ஒரு ரவுண்டு விட்டுக்கொடுத்தது கிடையாது. என் பையனுக்கு மட்டும் ஏன்யா படுத்துக்கிட்டே? யாராவது படுக்கச் சொன்னாங்களா?”

“சத்தம் போடாதீங்க. யாரும் சொல்லலை. அவனுக்கே எதுவும் தெரியாது.”

“எது தெரியாது?”

“மேடையில எனக்கு வேற பேருங்கிறதால அவனுக்கு நான் யாருன்னு தெரியாது. எம்பொண்ணும் வாயைத் திறக்கலை. சொன்னா கையை ஓங்கவே மாட்டானாம்.”

“உன் பொண்ணா? அவ எங்கய்யா நடுவுல வந்தா?”

ஒனிசாக்கி கிழிந்த உதட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சிரித்தார்.

“வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணு கேட்டு எங்க வீட்டுக்கு வர்றான் தலைவரே. மாமனார் யாருன்னு, வாசல்ல ஷூவைக் கழட்டிட்டு நிமிரும்போதுதான் பார்க்கப் போறான்.”