மூன்று விநாடி

தலையில் அடிபட்டுத் தேறிவரும் மனைவிக்கு அன்று புத்திக்கூர்மைப் பரிசோதனை. கணவன் அறை மூலையில் உட்கார்ந்திருந்தான்.

படத்தில் உள்ளபடி ஒன்பது கட்டைகளை இரண்டு நிமிடத்துக்குள் அடுக்க வேண்டும். மனைவி கடைசிக் கட்டையை வைத்தபோது மூன்று விநாடி தாண்டிவிட்டது.

"சரியாத்தான் அடுக்கிட்டீங்க அக்கா. மார்க் போட்டுடறேன்" என்றாள், விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பரிசோதித்த உளவியலாளர்.

"நேரம் தாண்டிடுச்சேம்மா, முட்டை போடு."

"மூணே செகண்டுதானே!"

"இன்னிக்கு நீ இரக்கப்பட்டு மார்க் போட்டா, ஆறு மாசம் கழிச்சு என் மூளை தேறியிருக்கான்னு எப்படித் தெரியும்?"

உளவியலாளர் மனசில்லாமல் பூஜ்யம் எழுதினாள். மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் கணவனிடம் பொருமினாள்.

"இந்த விதியை எழுதினவங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாது சார்!"

"எழுதினது அவதாம்மா."

"யாரு, அக்காவா?"

"இந்தப் பரிசோதனையை உருவாக்க எட்டு வருஷம் உழைச்சா. ஒவ்வொரு படமும் அவ வரைஞ்சது. அடிபட்டதுல அது அத்தனையும் மறந்துபோச்சு. தான்தான் எழுதினோம்கிறதுகூட ஞாபகமில்ல."

ஆனாலும் கணவனின் முகம் மலர்ந்திருந்தது.

"நேரம் தாண்டினா ஏன் மார்க் கூடாதுன்னு இப்ப ஒரு காரணம் சொன்னா பாரு, அதையேதான் அன்னிக்கும் எழுதி வச்சிருக்கா. வேணும்னா உன் கையில இருக்கிற புத்தகத்தோட முதல் பக்கத்தைப் படிச்சுப் பாரு."