சுற்றிப் போகும் அம்பு

ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வரப்போகிறது. எந்தத் தகவல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று, அதை அமைக்க வந்த ஜெமி வட்டங்களும் அம்புகளுமாகப் படம் வரைந்துகொண்டிருந்தாள். எதிரில் கிளார்க் கிருபானந்தம்.

“தையல் செக்‌ஷன் கணக்கு நேரா பேக்கிங்குக்குப் போவலாமே சார். இன்னாத்துக்கு உங்க மேஜைக்குச் சுத்திக்கினு வருது?”

“தையல்லேர்ந்து ரோஸ் வந்து சொல்லும், நான் பேக்கிங்குக்குச் சொல்லுவேன். நான் சேர்ந்ததிலேர்ந்து அப்டித்தான் மேடம்.”

“நடுவுல நீங்க இன்னா பண்றீங்க?”

“கேட்டுக்குவேன்.” அவர் பார்வை ஜன்னலுக்கு வெளியே மிதந்தது. “இந்தத் தோல் நாத்தத்துலயும் மொதல்ல மல்லிப்பூ வாசனை வரும். அப்புறந்தான் ரோஸ் வரும்…”

பக்கத்து மேஜை சீனிவாசன் சிரித்தார். “இன்னா கிருபா, ரோஸ் வரலன்னா உனுக்குப் பொழுதே போவாதா?”

ஜெமி ரப்பரை எடுத்து அந்த அம்பை அழித்தாள். கிருபானந்தத்தின் முகம் வாடிப்போனது.

அவள் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“கணக்கு கம்ப்யூட்டர்ல போவட்டும்ப்பா. நாளையிலேர்ந்து உன் டிபன் கேரியரை நீ தூக்கியாராத. அம்மாகிட்டக் குடுத்தனுப்பறேன். மத்தியானம் தையல்லேர்ந்து அம்மா இதே வழியா எடுத்தாரட்டும்.”